பத்து இறாத்தல் துவக்கு

என் அருமை மச்சான் ராசன்,

நீ கண்ணை மூடி ஒரு வருடமாகிவிட்டது. நேற்று உன் ஆட்டைத் திவசம் நல்லபடியாக முடிந்தது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து போடும் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஒரு நினைவஞ்சலி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். "அன்னார் பழகுவதற்கு இனியவர், யாவரோடும் சிரித்த முகத்துடன் உரையாடுபவர்" என்று தொடங்கிப் பார்த்தேன். உன் முகம் ஞாபகத்துக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது. நீ சிரித்த முகத்துடன் உரையாடி நான் எப்போதடா கண்டேன்? பொய் எழுத மனம் வரவில்லை. ஆகையால் உனக்கே நேராக எழுதுகிறேன். மலர்க்குழுவினர் வேண்டுமென்றால் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கட்டும்.

முதலில் வீட்டுப் புதினங்கள். சரசு கார் ஓட்டப் பழகி லைசென்ஸும் எடுத்துவிட்டாள். என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு டாண்டினொங் சந்தைக்குப் போகிறாள், நான் தேவாரம் சொல்லிக்கொண்டு போகிறேன். கலர் டெலிவிஷன் வாங்கிவிட்டோம். சந்தையில் ஒரு இத்தாலியன் கத்தரிக்காய் கொண்டுவருகிறான். ஊர்க் கத்தரிக்காய் போல இல்லை, ஆனால் குழம்பு வைத்தால் குறை சொல்ல ஏலாது. உன் அறையில் இப்போது சரசுவின் தையல் மெஷின் இருக்கிறது. கட்டிலை மட்டும் எடுக்க விடமாட்டேன் என்கிறாள், நானும் கேட்பதில்லை.

உன் துவக்கு இப்போது என் பெயரில். பொலிஸ் ஸ்டேஷனில் அதை மாற்றப் போனபோது அங்கிருந்த மனிதர் எத்தனை வருடமாக வேட்டையாடுகிறீர்கள் என்று கேட்டார். நான் வேட்டையாடுவதில்லை, மரக்கறி மட்டும்தான் சாப்பிடுகிறேன் என்றேன். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன்னை அறியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீ என் மனைவி சரசுவின் ஒரே அண்ணன். முல்லைத்தீவுக் காடுகளில் நிலம் அளந்தவன். பகலில் சங்கிலியும் கொடியுமாக அளப்பது, மாலையில் குளத்தடியில் துவக்கோடு இருப்பது, இதுதான் உன் வாழ்க்கை. கலியாணம் செய்யவில்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு உன்னைத் தனியாக விடமாட்டேன் என்று சரசு ஒற்றைக்காலில் நின்று இங்கே கூப்பிட்டாள். வந்ததுதான் வந்தாய், நல்ல வெயிலுக்கு வந்திருக்கக் கூடாதா? மெல்பேண் குளிர் எலும்புக்குள் புகும் மாதமாகப் பார்த்து வந்து இறங்கினாய்.

ஒரு நகரசபை அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை கிடைத்தது. காலையில் போவாய், மாலையில் வருவாய், என் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு ஹீட்டருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாய். கேட்டதற்கு "ஓம்", "இல்லை". மூன்றாவது சொல் உன் வாயிலிருந்து விழுந்தால் அன்றைக்கு எங்களுக்கு விசேஷம். ஒரு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில், தையோடு ஊருக்குத் திரும்பப் போவதாகச் சொன்னாய். இங்கே உனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாய். நாங்கள் இருக்கிறோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரசு குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நீ போனால் திரும்ப வரமாட்டாய் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் கொலின் வந்தான். என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்கிறவன், பெரிய ஆள், சனிக்கிழமை கால்பந்து பார்க்காவிட்டால் காய்ச்சல் வந்துவிடும். கிப்ஸ்லாண்ட் மலைக்காட்டில் தான் சுட்ட மானின் படத்தை எனக்குக் காட்ட வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். நான் இரண்டு விநாடி மரியாதைக்குப் பார்த்துவிட்டு உன்னிடம் தந்தேன். நீ கண்ணாடியைப் போட்டாய். வெளிச்சத்துக்கு எழும்பிப் போனாய்.

"மச்சான், இது மரை."

இங்கே இதைச் சாம்பர் என்பார்கள், நூறு வருடத்துக்கு முதல் சிலோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டார்களாம் என்று கொலின் சொன்னான். நான் அதைத் தமிழில் திருப்பிச் சொல்லத் தொடங்கவே நீ கையைக் காட்டி மறித்தாய், உனக்கு விளங்கிவிட்டது. படத்தை மேசையில் வைத்து அதன் கொம்பை விரலால் தடவிக்கொண்டே, எங்களுக்கு முதலே வந்துவிட்டார்கள் என்றாய். சிரித்தாயா என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன், ஆனால் முகத்தில் ஏதோ நடந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் உன் தீர்மானத்தைச் சொன்னாய். ஒரு மரைக்கு வெடி வைத்துப் பார்ப்பாயாம். சரிவந்தால் இருப்பாய், சரிவராவிட்டால் டிக்கெட் எடுப்பாய். சரசு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம், என்ன செய்வீர்களோ தெரியாது, இந்த மரையைச் சரிவரப் பண்ணுங்கள் என்பது. கோப்பாயில் சைவக் குடும்பத்தில் பிறந்து, நுளம்பு கடித்தாலும் ஊதிக் கலைக்கிற என்னிடம்.

உனக்கு வேண்டியது பெரிய குழல், ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டா போடுகிற துவக்கு. சின்னக் குழலே போதும், ஐந்து தோட்டா போட்டுக்கொண்டு போகலாம் என்று கொலின் எவ்வளவோ சொன்னான். நீ கேட்கவில்லை. ஊரில் காயப்பட்ட மிருகத்தைக் கண்டுபிடிக்காமல் வேட்டைக்காரன் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்றாய். வன்னி சமதரை, இரத்தத்தைப் பார்த்துத் தேடிப் போகலாம். இந்தப் பள்ளத்தாக்குகளில் ஓடி விழுந்தால் யார் தேடுவது? ஆகவே ஒரே வெடியில் அந்த இடத்தில் விழ வேண்டும். இரண்டாவது தோட்டா கைவசம் இருக்கிறவன் முதலாவதை யோசித்து வைக்கமாட்டான் என்றும் சொன்னாய். ஒரு வருடத்தில் நீ பேசாததை எல்லாம் அன்றைக்கே பேசி முடித்தாய்.

கொலினிடம் அப்படிப்பட்ட துவக்கு இரண்டு இருந்தன. இரண்டும் நாற்பத்தைந்து காலிபர், தோட்டா என் பெருவிரல் தடிப்பு. ஒன்று தடித்த குழல், பன்னிரண்டு இறாத்தல். மற்றது கட்டையானது, ஏழு இறாத்தல். உனக்கு எது வேண்டுமென்று கேட்டபோது யோசிக்காமல் பாரமானதை எடுத்தாய். பாரமான துவக்கு உதைக்காது, இருந்த இடத்தில் இருக்கிறவனுக்குப் பாரம் என்ன செய்யும் என்றாய். வன்னிக்காரன் வேறெப்படி யோசிப்பான்? குளத்தடியில் குழி வெட்டி, துவக்கை மடியில் வைத்துக்கொண்டு, மரை தண்ணீருக்கு வரும்வரை காத்திருந்து பழகியவன். துவக்கைத் தூக்கிக்கொண்டு நடப்பது என்பது வீட்டிலிருந்து குளம் வரைக்கும்தான்.

கிப்ஸ்லாண்டில் மரை குளத்தடிக்கு வரவில்லை. அங்கே பள்ளத்துக்குப் பள்ளம் ஓடை, மரைக்குத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. மனிதன்தான் மலையேறிப் போய் அதைத் தேட வேண்டும். முதல் நாள் நீயும் கொலினும் ஏறினீர்கள், நான் கீழே காருக்குள் பத்திரிகை வாசித்துக்கொண்டு இருந்தேன். மத்தியானம் திரும்பி வந்தபோது உன் சப்பாத்து முழுக்கச் சேறு, கை இரண்டும் நடுங்கின. உச்சியில் ஒரு மரை தோன்றியதாம், நல்ல கிட்டத்தில். துவக்கை உயர்த்தியிருக்கிறாய், குழல் அங்குமிங்கும் ஆடியிருக்கிறது. நீ விசையைத் தொடவில்லை. அது உன்னை ஆறுதலாகப் பார்த்துவிட்டுப் போனதாம். தேத்தண்ணிக் கோப்பையை உன் கையில் தந்தேன், பாதி தரையில் சிந்தியது.

மரை எங்கட மரைதான், மலைதான் எங்கட இல்லை என்று வரும் வழியில் சொன்னாய்.

அடுத்தது ஏழு இறாத்தல் துவக்கு. அதைக் கையில் எடுத்ததும் உன் முகம் மலர்ந்தது, பிரம்பு போல இருக்கிறது என்றாய். சுடும் திடலில் முதல் வெடி வைத்தாய். நான் காதைப் பொத்திக்கொண்டு பின்னால் நின்றேன், ஆனாலும் நீ ஒரு அடி பின்னுக்கு வந்ததைக் கண்டேன். பாரமான துவக்கு உதையில் பெரும்பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும், லேசான துவக்கு எல்லாவற்றையும் தோளுக்குத் தள்ளிவிடும். இது பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு. உன் மெலிந்த தோளில் அது கணக்காக இறங்கவில்லை. நாலாவது வெடிக்குப் பிறகு சேட்டைக் கழற்றிப் பார்த்தோம், நாவற்பழம் நசித்துப் பூசியது போலக் கறுத்துக் கிடந்தது. ரப்பர் மெத்தை பூட்டினோம். அதிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

தோள் கறுத்ததை நீ பொருட்படுத்தவில்லை. மோசமானது அதற்குப் பிறகு வந்தது. நீ குறி தவறத் தொடங்கினாய். கொலின் ஒரு வேலை செய்தான். ஒவ்வொரு தோட்டாவையும் தானே போட்டுத் துவக்கை உன் கையில் தந்தான். நடுவில் உனக்குச் சொல்லாமல் ஒரு வெற்றுத் தோட்டாவைப் போட்டான். நீ விசையை இழுத்தாய். வெடி வரவில்லை, 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும். ஆனால் உன் கண் இறுக மூடியிருந்தது, குழல் நுனி தலை குத்திக் கீழே போனது. துவக்கு உதைக்கும் என்ற பயத்தில் உன் உடம்பு முந்திக்கொண்டுவிட்டது.

உன் முகத்தை அன்றைக்குப் பார்க்கவே முடியவில்லை, மச்சான். இருபது வருடம் காட்டில் திரிந்தவன், ஒரு வெடிக்குக் கண் மூடிவிட்டான். துவக்கைக் கொலினிடம் கொடுத்துவிட்டு, டிக்கெட் விலை விசாரித்து வைக்கும்படி என்னிடம் சொன்னாய். நீ போவாய் என்பதை அதுவரை நான் நம்பவில்லை, அந்த நிமிடம் நம்பினேன்.

அப்போதுதான் எனக்கு வீம்பு வந்தது. மரை வேண்டாம், வேட்டை வேண்டாம், ஆனால் ஒரு இரும்புக் குழாயின் பாரம் எங்களை வெல்வதா? நான் இயந்திரப் படம் வரைந்து சீவிக்கிறவன். மறுநாளே கொலினோடு பலரட் பக்கம் போய், துவக்குச் செய்கிற ஒருவரைப் பிடித்தேன். புதுத் துவக்கு ஒன்று கட்டித் தருகிறேன் என்றார் அவர். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: எத்தனை இறாத்தல்? குழலைக் கடைந்து மெலிதாக்கலாம், மெலிதாக்கியதைத் திரும்பத் தடிக்க வைக்க முடியாது, ஆகவே வடிவாக யோசித்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

யோசிக்க என்ன இருக்கிறது, அளந்தால் போகிறது. தொழிற்சாலையில் ஒரு பழைய தண்ணீர்க் குழாயைத் துவக்கு நீளத்துக்கு வெட்டி எடுத்தேன். உள்ளே மணல், இரண்டு முனையிலும் கட்டைமூடி. மணலைக் கூட்டிக் குறைத்தால் எந்தப் பாரமும் வரும். டிக்கெட் எடுக்க முதல் எனக்காக இதைச் செய் என்று உன்னிடம் கேட்டேன். நீ மறுக்கவில்லை. அது எனக்கே ஆச்சரியம்.

டாண்டினொங் மலைப்பாதையில் வார இறுதிகளில் குழாயோடு ஏறினோமே, ஞாபகம் இருக்கிறதா? வார் போட்டுத் தோளில் மாட்டலாமென்று நான் சொன்னேன், அந்தப் பற்றைக்குள் ஒவ்வொரு கொப்பிலும் குழல் மாட்டும், கையில்தான் கொண்டுபோக வேண்டும் என்றாய். உச்சிக்குப் போனதும் மூச்சு ஆற விடாமல் குழாயைத் தோளில் வைத்து எதிரே ஒரு யூக்கலிப்டஸ் மரத்தின் கணுவைக் குறிபார்ப்பாய். நான் பக்கத்தில் நின்று நுனி ஆடுகிறதா என்று பார்ப்பேன். நாயோடு நடக்க வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, நீங்கள் குழாய் பொருத்துகிறவர்களா என்று கேட்டார். "யெஸ்" என்றாய் நீ, கொஞ்சமும் சிரிக்காமல். மலை உச்சியில் யாருக்கடா குழாய் பொருத்துகிறோம் என்று நான்தான் சிரித்துச் சிரித்து இருமினேன்.

மலை சொன்ன விடை எட்டரை இறாத்தல். அதற்கு மேலே ஒரு பிடி மணல் போட்டாலும் நுனி ஆடியது.

இனித் தோளின் விடை. கொலினின் லேசான துவக்கில் பாரம் ஏற்றிப் பார்ப்பதென்று தீர்மானித்தோம். சரசு தன் பழைய சேலை ஒன்றைக் கிழித்துச் சின்னச் சின்னப் பைகள் தைத்துத் தந்தாள். அதற்குள் ஈயக் குண்டு நிரப்பி, குழலிலும் தோளில் முட்டுகிற பிடங்கிலும் கட்டினோம். சிவப்புச் சேலைத்துண்டு சுற்றிய துவக்கைக் கண்டு திடலில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஏதோ எங்கள் சமயச் சடங்கு என்று நினைத்திருப்பார்கள், ஒருவரும் கேட்கவில்லை. கொலின் பழையபடி வெற்றுத் தோட்டாவைக் கலந்து கலந்து போட்டான். எட்டரையில் கண் மூடியது. ஒன்பதில் மூடியது. ஒன்பதரையில் பாதி மூடியது. பத்தில் 'டிக்' என்று கேட்டபோது குழல் அசையவே இல்லை, நீ கண்ணை விழித்துக்கொண்டு குறியைப் பார்த்தபடி நின்றாய்.

நான் கைதட்டப் போனேன். பிறகுதான் மூளை வேலை செய்தது. தோளுக்குப் பத்துக்குக் குறையக்கூடாது, மலைக்கு எட்டரைக்குக் கூடக்கூடாது. நடுவில் ஒன்றரை இறாத்தல் பள்ளம். உனக்கேற்ற துவக்கு இந்த உலகத்தில் இல்லை என்று நானே அளந்து நிரூபித்துவிட்டேன். வெடிமருந்தைக் குறைத்துத் தோட்டா செய்து தரலாம் என்றான் கொலின். மருந்தைக் குறைப்பதென்றால் பெரிய குழல் எதற்கு என்று ஒரே பேச்சில் மறுத்தாய். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சரசுவுக்கு என்ன சொல்வதென்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

அவள் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நீ புட்டைப் பிசைந்துகொண்டு இருந்தாய்.

"பத்திலை செய்யச் சொல்லு," என்றாய்.

"அப்ப மலையிலை?"

"நீ தூக்கு."

எனக்குச் சோறு புரையேறினது போல இருந்தது, புட்டாக இருந்தும். சரசு அகப்பையோடு அப்படியே நின்றாள். அவள் பிறகு எனக்குச் சொன்னாள், ஊரில் நீ உன் துவக்கைப் பெற்ற தகப்பன் கையிலும் கொடுக்கமாட்டாயாம். கொடுக்காதவன் கொடுக்கிறேன் என்கிறாய். நானோ வயிறும் தொந்தியுமாகக் கதிரையில் இருந்து படம் வரைகிறவன். நான் மரக்கறிக்காரன், கொலைக்குத் துணைபோகமாட்டேன், முழங்கால் சரியில்லை என்று தெரிந்த சாட்டெல்லாம் சொன்னேன். நீ கோப்பையை வழித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டு ஒரே வசனம் சொன்னாய்.

"பாவம் எனக்கு, பாரம் உனக்கு."

சரசு என் கோப்பையில் இன்னொரு அகப்பை புட்டு வைத்தாள். அதுதான் அவளுடைய தீர்ப்பு.

துவக்கு வந்தது. நாங்கள் மூவரும் கிப்ஸ்லாண்டுக்குப் போன அந்தக் காலையை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன், உனக்கு மட்டும் சொன்னதில்லை, நீயும் அங்கே இருந்ததால். கொலின் முன்னால், நீ நடுவில், நான் வெறுந்துவக்கைத் தூக்கிக்கொண்டு கடைசியில். பனி மரத்திலிருந்து சொட்டியது. என் மூச்சுச் சத்தத்துக்கே மரை நியூ சவுத் வேல்ஸுக்கு ஓடிவிடும் என்று நினைத்தேன். நீ வெறுங்கையோடு, காலடியைப் பார்த்துப் பார்த்து, பூனை மாதிரி ஏறினாய். ஒரு வருடம் ஹீட்டருக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்த மனிதனா இவன் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அப்படியே நடந்து போய் முல்லைத்தீவில் இறங்கிவிடுவாய் போல இருந்தது.

ஓரிடத்தில் நின்றாய். திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினாய். நான் துவக்கை வைத்தேன். நீ தோட்டாவைப் போட்டாய். எதிர்ச்சரிவில், பன்னச் செடிகளுக்கு நடுவே, கழுத்து மயிர் சிலிர்க்க ஒரு கிடா நின்றது. நான் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தது உன் கண்ணை. திடலில் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. வெடி போனது. உன் கண் திறந்தபடி இருந்தது, மச்சான். அது விழுந்தது கொலின் கத்தித்தான் எனக்குத் தெரிந்தது.

நீ போய் அதன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாய். பிறகு என்னிடம் வந்து, தேத்தண்ணிப் போத்தல் காரில் கிடக்கிறதா, கொண்டுவந்தாயா என்று கேட்டாய். வேறு யாராவது என்றால் கட்டிப்பிடித்திருப்பார்கள். உனக்கு அதுதான் கட்டிப்பிடிப்பு என்று எனக்கு விளங்கியது.

இறைச்சியை எங்கள் வீட்டுக் கராஜில் வைத்து, தெரிந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் பங்கு போட்டாய். கொலினுக்குப் பெரிய பங்கு. கடைசியில் ஒரு பங்கைப் பிரித்து வைத்துவிட்டு, அது துவக்குப் பங்கு என்றாய். உங்கள் பக்கத்தில் சுட்டவனுக்கு ஒரு பங்கென்றால் துவக்குக்கும் ஒரு பங்கு உண்டாம், துவக்குச் சொந்தக்காரனுக்கு. நீதானே சொந்தக்காரன் என்றேன். சுமந்தவனுக்குத்தான் என்று சொல்லி அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். சைவக்காரன் முன்னால் மரைத் தொடை. நான் அதைப் பார்க்க, அது என்னைப் பார்க்க, சரசுதான் எடுத்துக்கொண்டு போனாள். என்னைக் கட்டிய பிறகு அவள் சைவமாகிவிட்டாள் என்று என் அம்மா சாகும் வரை நம்பினார். அன்றைக்கு எங்கள் கராஜில் அடுப்பு மூட்டி அவள் வைத்த குழம்பைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

அடுத்த வாரம் நீ கடைக்குப் போய் உனக்கென்று ஒரு கோட்டு வாங்கிக்கொண்டு வந்தாய், தடித்தது, பல வருடம் உழைக்கக்கூடியது. என் பழையதை மடித்துத் திருப்பித் தந்தாய். டிக்கெட் பற்றிப் பிறகு நீயும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சரசு அன்றைக்குக் குசினியில் பாட்டுப் பாடிக்கொண்டு சமைத்தாள்.

அதற்குப் பிறகு எத்தனை தரம் ஏறினோம்! ஒவ்வொரு தரமும் அடிவாரத்தில் துவக்கை என் கையில் தருவாய், ஒவ்வொரு தரமும் நான் முனகிக்கொண்டே வாங்குவேன். குழலில் ஒரு இறாத்தலாவது கடைந்து எடுப்போம் என்று கெஞ்சியிருக்கிறேன். காது கேளாதவன் போல நடப்பாய். மலையில் நீ கதைக்கத் தொடங்கினாய். அளந்த காணிகள், காட்டுக்குள் நீ கண்ட பழைய கல்வெட்டு, சரசு சின்ன வயதில் கிணற்றுக் கட்டில் ஏறி அடி வாங்கிய கதை. வீட்டில் வாய் திறக்காதவன் மேட்டில் ஏறும்போது விடாமல் கதைத்தாய், எனக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. என் தொந்தி போய்விட்டது. வைத்தியர் என் இரத்த அழுத்தத்தைப் பார்த்து, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். துவக்குச் சுமக்கிறேன் என்றேன்.

பிறகு நீ போய்விட்டாய். சொல்லாமல் கொள்ளாமல், நித்திரையில். சரசு காலைத் தேத்தண்ணியோடு உன் அறைக் கதவைத் தட்டினாள். நோய் இல்லை, நொடி இல்லை, நல்ல சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மட்டும் உன்னில் கோபம் வந்தது. வாய்விட்டு அழுதேன், சரசு என்னைத் தேற்ற வேண்டியதாகப் போய்விட்டது.

இனி நேற்று நடந்தது. உனக்கு எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

திவசத்துக்குக் கொலினும் வந்தான். வாழையிலை இல்லாததால் பீங்கானில் சாப்பிட்டான், வடை மட்டும் திரும்பத் திரும்ப வாங்கினான். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, துவக்கை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டான். வாங்க ஒருவர் இருக்கிறாராம், ஆனால் பத்து இறாத்தல் அவருக்குக் கூடிவிட்டது, குழலைக் கொஞ்சம் கடைந்து கொடுக்கலாமா என்றான். அது ராசனுடைய தோளுக்கென்று செய்தது, பாவம், அவனாலேயே அதை மலையில் தூக்க முடியவில்லை என்றேன்.

கொலின் கடித்த வடையோடு என்னைப் பார்த்தான். "யார் சொன்னது தூக்க முடியவில்லை என்று?" என்று கேட்டான்.

பிறகு சொன்னான். எனக்கு வேலை இருந்த வார இறுதிகளில் நீயும் அவனும் மட்டும் போவீர்களல்லவா, அந்த நாட்களில் துவக்கு முழுநாளும் உன் கையில்தானாம். இரண்டாவது வருடமே உன் கால் மலைக்குப் பழகிவிட்டதாம். ஆடு மாதிரி ஏறுவாயாம், களைத்து நிற்பது அவன்தானாம். தோளும் உதைக்குப் பழகிவிட்டது, பாரத்தைக் குறைத்துவிடுவோமா என்று அவனே ஒருதரம் கேட்டானாம். நீ வேண்டாமென்றாயாம். குறைத்தால் மச்சான் வரமாட்டான், வீட்டிலிருந்து பத்திரிகை வாசிப்பான் என்றாயாம்.

நான் நின்றுகொண்டு இருந்தவன் கதிரையில் இருந்துவிட்டேன். சரசு குசினி வாசலில் துடைக்கிற துணியோடு நின்றாள்.

"உங்களுக்கு இப்பதான் தெரியுமோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அட கள்ளா! என் முழங்கால் நோவைப் பார்த்துக்கொண்டே அடிவாரத்தில் துவக்கை நீட்டினாயே, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். அந்த மேடுகளில் நான் திட்டிய திட்டெல்லாம் காதில் விழுந்தும் விழாதவன் போல நடந்தாயே. நீ இங்கே இருந்தது மரைக்காகத்தான் என்று இத்தனை வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எதற்காக இருந்தாய், ராசன்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

இரவு முழுக்கக் கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. சரசு பக்கத்தில் நித்திரை கொண்டாள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் அழுததும் உண்மைதான், ஆனால் சந்தோஷம்தான் கூட.

இன்று காலையில் கொலினுக்கு டெலிபோன் எடுத்துச் சொல்லிவிட்டேன். துவக்கு விற்பனைக்கு இல்லை, அதிலிருந்து ஒரு நூல் இரும்பும் கடைந்து எடுக்க விடமாட்டேன். உனக்கு என் வாக்கு, என் முழங்கால் தாங்கும் வரைக்கும் அது பத்து இறாத்தலாகவே மலையேறும். வருகிற மாதம் கொலினோடு போகிறேன். வெடி வைக்கமாட்டேன், தோட்டாவும் கொண்டுபோகமாட்டேன். எனக்கும் வயதாகிறதென்று அவன் பாதி வழிக்குத் தான் தூக்கித் தருவதாகச் சொல்கிறான்.

நான் கொடுக்கமாட்டேன்.

உன் தங்கையின் புருஷன்,
துவக்குப் பங்குக்காரன்,
உன் மச்சான் பரமு